சுடரில்லா விளக்கின் சரித்திரம்

இரவில் வெளிச்சம் வேண்டுமென்று மனிதன் விரும்பியபோதெல்லாம், மிக அண்மைக் காலம் வரையில், எதையேனும் ஒன்றைச் சூடேற்றியே அவன் அதைப் பெற்று வந்திருக்கிறான். சுள்ளியையும் கொழுப்பையும் எரித்தான். இலுப்பெண்ணெயிலும் ஆமணக்கெண்ணெயிலும் திரியிட்டான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் வந்த பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் சுடரை அடைத்து வைத்தான். எடிசனும் ஸ்வானும் 1879ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உருவாக்கிய மின்விளக்கிலும், காற்றை நீக்கிய குமிழுக்குள் கரியிழையும் பின்னர் டங்ஸ்டன் இழையும் வெண்சூடு ஏறும்வரை காய்ந்தனவே தவிர, ஆதாரமான தத்துவம் மாறிவிடவில்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய குண்டு பல்பு, தான் உட்கொண்ட மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலாக வெப்பமாக்கிவிட்டு, எஞ்சிய சொற்பத்தையே பிரகாசமாகத் தந்தது. பாதரச ஆவியைக் கொண்டு எரியும் குழல் விளக்கு முதலிய சிலவே இந்த மார்க்கத்தினின்றும் சற்று விலகி நடந்தவை.

இந்த நீண்ட வழக்கத்தை முடித்து வைத்தது எல்.இ.டி. என்று நாம் அழைக்கும் சிறு விளக்கு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வீதியையும் வீட்டையும் கடையையும் கோயிலையும் அது ஆக்கிரமித்துக்கொண்ட வேகத்தைப் பார்ப்பவர்கள், ஏதோ ஒரு நாளில் ஒரு மேதையின் சிந்தையில் அது முழு உருவோடு உதித்திருக்க வேண்டுமென்று எண்ணுவது இயல்பே. அதன் சரித்திரத்தைப் பொறுமையுடன் பின்தொடர்ந்து செல்பவர்களுக்கோ வேறொரு காட்சி தென்படும்: ஒரு நூற்றாண்டுக் காலம் பல தேசங்களில் பலர் செய்த பிரயத்தனமும், அதைவிட முக்கியமாக, மங்கி மறைந்துவிட்டதாக நாம் கருதும் பழைய விளக்குத் தொழில்களின் ஞானமும் அந்தச் சிறு வில்லைக்குள் சேர்ந்திருக்கின்றன.

அந்தப் பழைய தொழில்களுள் ஒன்றை நம் பக்கத்தவர்கள் நன்கு அறிவார்கள். கல்யாண ஊர்வலங்களிலும் திருவிழாக்களிலும் தலையில் சுமந்து செல்லப்பட்ட பெட்ரோமாக்ஸ் விளக்கின் உயிர், அதன் பர்னரில் கட்டித் தொங்கவிடப்படும் மேன்டில் என்னும் வலைப்பையிலேயே இருந்தது. புதிய மேன்டிலைக் கட்டியவுடன் முதலில் தீயிட்டு அதன் நூலையெல்லாம் எரித்துவிடுவார்கள். நூல் போனபின் நூலின் வடிவம் மாத்திரம் வெள்ளைச் சாம்பற்கூடாக நிற்கும். விரல் பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும் அந்தக் கூடுதான், ஆவியாகி எரியும் மண்ணெண்ணெயின் சூட்டில் கண் கூசும்படி ஒளிரும். ஆஸ்திரிய ரசாயன அறிஞர் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக் 1885இல் இதற்கு வித்திட்டு, பிறகு பல ஆண்டுகள் உழைத்துக் கண்டறிந்த சரியான சேர்மானம், தோரியம் ஆக்சைடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும் சீரியம் ஆக்சைடு ஒரு பங்கும் ஆகும். அந்த ஒரு பங்கு சீரியம் இல்லாவிட்டால் மேன்டில் மங்கலாகவே எரியும். இத்தொழிலுக்கு வேண்டிய தோரியத்தைத் தேடி உலகெங்கும் அலைந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்கு, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் திருவிதாங்கூர்க் கடற்கரையின் கருமணலில் மோனசைட் என்னும் தாது மிகுந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தார். அதைப் பிரித்தெடுக்கும் ஆலை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் எழுந்தது. தோரியத்தோடு சீரியமும் அம்மணலில் உண்டு. இந்தச் சீரியத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். மேன்டில்கள் அணைந்து நெடுங்காலம் கழித்து, எதிர்பாராத ஓரிடத்தில் அது மீண்டும் வரும்.

மேன்டில் விளக்கு கொடிகட்டிப் பறந்த அதே நாட்களில், சூடில்லாத ஒளியின் முதல் சாயலை ஒருவர் கண்டுவிட்டார். மார்க்கோனியிடம் பணிபுரிந்த ஹென்றி ரவுண்ட் என்ற ஆங்கிலேயர், 1907இல், தீட்டுக்கல் செய்யப் பயன்படும் கார்பரண்டம் என்ற சிலிக்கன் கார்பைடுப் படிகத்தின் இரு புள்ளிகளுக்கிடையே பத்து வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தபோது, மஞ்சள் நிறத்தில் ஓர் ஒளி தோன்றிற்று. அதைக் குறித்து ஒரு பத்திரிகைக்குச் சில வரிகள் எழுதியனுப்பிவிட்டு, அவர் தம் கம்பியில்லாத் தந்தி வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அந்த ஒளியை மெய்யாகவே பின்தொடர்ந்தவர் ஓலெக் லோசெவ் என்ற ருஷ்ய இளைஞர். நிஷ்னி நோவ்கரத் நகரத்து ரேடியோ ஆராய்ச்சிச் சாலையில் சாதாரண ஊழியராக வாழ்க்கையைத் தொடங்கிய அவர், 1920களில் அதே வகைப் படிகங்களில் அதே ஒளியைக் கண்டு, அது எங்கிருந்து பிறக்கிறதென்று தமக்குள் கேட்டுக்கொண்டார். படிகம் சூடேறி ஒளிர்கிறதா, வேறு காரணம் உண்டா என்பதை நிச்சயிக்க அவர் கையாண்ட உபாயம் அழகானது: ஒளிரும் இடத்தின்மேல் எளிதில் ஆவியாகும் பென்சீன் துளி ஒன்றை இட்டு, அது எவ்வளவு விரைவில் மறைகிறதென்று கவனித்தார். துளி அவசரப்படவில்லை, ஆகவே அந்த ஒளி வெப்பத்தின் ஒளி அன்று என்று தெளிந்தார். 1927இல் இதைப் பயன்படுத்தும் கருவிக்குக் காப்புரிமையும் கோரினார். இத்தனை நுட்பமான அறிவு படைத்த அம்மனிதர், லெனின்கிராட் நகரை ஜெர்மானியப் படைகள் முற்றுகையிட்டிருந்த 1942இல், முப்பத்தெட்டாவது வயதில் பட்டினியால் மாண்டார். அவருடைய கட்டுரைகள் பல பத்தாண்டுகள் நூலகங்களில் உறங்கின. விஞ்ஞான சரித்திரத்தின் துயரமான பக்கங்களுள் இதுவும் ஒன்றென்பது என் துணிபு.

யுத்தத்திற்குப் பிறகு டிரான்சிஸ்டர் பிறந்து, குறைகடத்திகளைப் பற்றிய சாஸ்திரம் வளர்ந்த பின்னர், 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் டையோடை, அதாவது எல்.இ.டி.யை, உருவாக்கினார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்தவர் அவர். டிரான்சிஸ்டரைக் கண்டவர்களுள் ஒருவரான ஜான் பார்டீனிடம் பயின்றவர். சில ஆண்டுகளுக்குள் சிவப்பு எண்கள் கால்குலேட்டர்களிலும் கைக்கடிகாரங்களிலும் மின்னின. மஞ்சளும் பச்சையும் தொடர்ந்தன. ஆனால் நீலம் வரவில்லை. நீலம் வராமல் வெள்ளை வருவதற்கு வழியில்லை.

அதன் காரணத்தைச் சற்று விளக்கவேண்டும். எல்.இ.டி.யில் எலெக்ட்ரான்கள் மிகையாக உள்ள அடுக்கொன்றும், குறையாக உள்ள அடுக்கொன்றும் அடுத்தடுத்து இருக்கும். மின்சாரம் பாயும்போது, மிகையுள்ள பக்கத்து எலெக்ட்ரான் மறுபக்கத்து வெற்றிடத்தில் வந்து விழுகிறது. விழும்போது இழக்கும் சக்தியே ஒளியாக வெளிப்படுகிறது. விழும் உயரம் சிறிதானால் ஒளி சிவப்பு. உயரம் பெரிதானால் நீலம். அத்தகைய பேருயரம் கொண்ட பொருள்களுள் தகுதியானது காலியம் நைட்ரைடு என்பது தெரிந்தே இருந்தது. அதை வளர்ப்பதில்தான் அபாரமான சங்கடங்கள். படிகத்தின்மேல் படிகத்தை வளர்க்க வேண்டுமானால் அடியிலுள்ளதன் அணுக்களும் மேலே வருவதன் அணுக்களும் இடைவெளியில் ஒத்திருக்கவேண்டும். காலியம் நைட்ரைடுக்கோ அப்படி ஒத்த துணை கிடைக்கவில்லை. சூட்டைத் தாங்கும் சஃபையர்த் தட்டின்மேல் வளர்த்தால், அளவு பொருந்தாமையால், படலம் வெடிப்புகளும் குழிகளுமாக வந்தது. எலெக்ட்ரான் குறையான அடுக்கைச் செய்வதும் கைகூடவில்லை. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஹெர்பர்ட் மருஸ்காவும் ழாக் பாங்கோவும் 1970களின் தொடக்கத்தில் மங்கலான நீலத்தைக் கண்டும், 1974இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. உலகத்து ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் துத்தநாக செலினைடு என்னும் வேறு பொருளின் பக்கம் சாய்ந்தனர்.

சாயாமல் நின்றவர்களில் தலையாயவர் ஜப்பானியப் பேராசிரியர் இசாமு அகசாகி. மத்சுஷிதா ஆராய்ச்சிக் கழகத்தில் காலியம் நைட்ரைடைத் தொட்ட அவர், 1981இல் நகோயா பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அடுத்த ஆண்டு ஹிரோஷி அமானோ என்னும் மாணவர் அவரிடம் சேர்ந்தார். விடுமுறை நாட்களிலும் உலையருகே கிடந்த அமானோவுக்கு நல்ல படிகம் மட்டும் கிட்டவில்லை. ஒருநாள் உலை பழுதாகி, வேண்டிய வெப்பத்தை எட்டாமல் எழுநூறு எண்ணூறு டிகிரியிலேயே நின்றுவிட்டது. அந்தச் சூட்டில் காலியம் நைட்ரைடு சரியாக வளராது என்பதால், அலுமினியத்தைச் சேர்த்த மெல்லிய படலம் ஒன்றை முதலில் இட்டு, அதன்மேல் பின்னர் காலியம் நைட்ரைடை வளர்த்துப் பார்த்தார். கரடுமுரடான சுவரின்மேல் கொத்தனார் முதலில் ஒரு பூச்சு பூசிக்கொள்வதைப்போல, அப்படலம் இரண்டு படிகங்களின் பகையையும் தணித்தது; கண்ணாடியைப்போல் தெளிந்த படிகம் கிடைத்தது. இது 1986இல் வெளியிடப்பட்டது. 1989இல் மற்றொரு வாயிலும் திறந்தது. மக்னீசியம் கலந்த படிகத்தின்மீது எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தியபோது, அது நெடுநாள் மறுத்துவந்த எலெக்ட்ரான் குறையான தன்மையை அடைந்தது. ஏன் அப்படி ஆகிறதென்பதை அவர்கள் அறியவில்லை. பயன் மாத்திரம் கைக்கு வந்தது.

காரணத்தைக் கண்டவர் இருந்த இடத்தைப் பற்றித்தான் நான் சற்றே விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஷிகோகு தீவில் தொகுஷிமா மாநிலத்து அனான் ஒரு சிறிய ஊர். டோக்கியோவின் பெரிய ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து எட்டத்தில் இருப்பது. அங்கே நொபுவோ ஒகாவா என்பவர் நிறுவிய நிச்சியா என்ற ரசாயனக் கம்பெனியின் தொழில், பாஸ்பர் செய்வது: குழல் விளக்குகளின் உட்புறத்திலும் தொலைக்காட்சிப் பெட்டிகளின் திரையிலும் பூசப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத கதிரையோ எலெக்ட்ரானையோ ஏற்றுத் தெரியும் ஒளியாக மாற்றித் தரும் பொடி அது. 1979இல் அங்கே வேலையில் சேர்ந்த ஷூஜி நாகமுரா, தொகுஷிமா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அப்போது டாக்டர் பட்டம் பெற்றிராதவர். முதல் பத்தாண்டுகளில் பெரிய கம்பெனிகள் ஏற்கெனவே விற்றுவந்த படிகங்களையே அவரும் செய்தார், செய்தவை அதிகம் விலைபோகவில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டுகள் வீணாகவில்லை. குவார்ட்ஸ்க் குழாய்களைத் தாமே பற்றவைத்து ஒட்டியும், அவை உலைக்குள் வெடித்தபோது மீண்டும் ஒட்டியும், உலையை அக்கக்காகக் கழற்றி மாட்டியும், வேறெந்த விஞ்ஞானியும் பெறாத கைப்பழக்கத்தை அவர் பெற்றார்.

1988இல் அவர் நேரே ஒகாவாவிடம் சென்று, நீல எல்.இ.டி. செய்யப்போவதாகவும் அதற்குச் சுமார் ஐம்பது கோடி யென் வேண்டுமென்றும் கேட்டார். சிறிய கம்பெனிக்கு அது பெருந்தொகை. கேட்டவரோ, அதுவரை செய்தவை அதிகம் விலைபோகாத ஊழியர். கிழவர் சம்மதித்தார். அந்தச் சம்மதத்திற்கு உலகம் பட்டுள்ள கடன் போதிய அளவு பேசப்படவில்லை என்றே நான் கருதுகிறேன். அமெரிக்காவின் புளோரிடாவில் ஓராண்டு தங்கி, வாயுக்களைக் கொண்டு படிகம் வளர்க்கும் முறையைக் கற்றுத் திரும்பிய நாகமுரா, விலைகொடுத்து வாங்கிய உலை சரிப்படாததால் அதைத் தம் எண்ணப்படி மாற்றத் தொடங்கினார். காலையில் உலையைத் திருத்துவார், பிற்பகலில் படிகம் வளர்த்துப் பார்ப்பார். மறுநாள் மீண்டும் அதுவே. ஒகாவாவுக்குப் பின் தலைமை ஏற்றவர் இவ்வேலையை நிறுத்தும்படி உத்தரவு அனுப்பியும் அவர் நிறுத்தவில்லை. முடிவில், ஒரு வாயு பக்கத்திலிருந்து வர, வேறொரு வாயு மேலிருந்து அதைத் தட்டின்மேல் அழுத்தும்படி அமைத்த இரட்டை ஓட்ட முறை அவருக்கு உலகில் யாருக்கும் கிட்டாத படிகத்தைத் தந்தது.

நகோயாக்காரர்கள் விட்டுவைத்த புதிரையும் அவர் அவிழ்த்தார். நைட்ரஜனுக்காக உலையில் விடும் அம்மோனியாவிலிருந்து பிரியும் ஹைட்ரஜன், மக்னீசியத்தைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கிறது. எலெக்ட்ரான் கற்றை செய்ததெல்லாம் அந்தப் பிணைப்பை உடைத்ததே. அப்படியானால் நைட்ரஜன் வாயுவில் வைத்துச் சூடேற்றினாலே ஹைட்ரஜன் வெளியேறிவிடும். 1992இல் இது நிரூபணமாயிற்று. கற்றையைக் கொண்டு புள்ளி புள்ளியாகச் செய்யவேண்டியதை, தட்டுத்தட்டாக அடுப்பில் இட்டுச் செய்யலாம் என்றாயிற்று. 1993 நவம்பரில் நிச்சியா கம்பெனி தன் நீல எல்.இ.டி.யை அறிவித்தது. முன்பிருந்த சிலிக்கன் கார்பைடு வகையைவிட நூறு மடங்கு பிரகாசம் அதற்கு.

நீலம் கிடைத்தபின் வெள்ளைக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. இவ்விடத்தில்தான் பழைய தொழில் தன் பங்கைச் செலுத்த முன்வந்தது. பாஸ்பர்ப் பொடி அதிக சக்தியுள்ள ஒளியைக் குறைந்த சக்தியுள்ள ஒளியாக மாற்றுமே அன்றி, குறைந்ததை அதிகமாக்காது. சிவப்பை நீலமாக்க முடியாது, நீலத்தை மஞ்சளாக்க முடியும். நீலச் சில்லின்மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால், நீலத்தின் ஒரு பகுதி மஞ்சளாகி, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும். பாஸ்பர் செய்வதையே குலத்தொழிலாகக் கொண்ட அனான் கம்பெனிக்கு இந்தக் கடைசிப் படி அந்நியமானதாக இருந்திருக்க முடியாது. 1996இல் அது விற்பனைக்குக் கொண்டுவந்த வெள்ளை எல்.இ.டி.யில் பூசப்பட்ட பொடி, இட்ரியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு படிகம். அதை மஞ்சளாக ஒளிரச் செய்வது அதில் மிகச் சிறு அளவில் கலந்த சீரியம். வெல்ஸ்பாக் தம் மேன்டிலில் ஒரு பங்கு சேர்த்த அதே தனிமம்தான். மேன்டிலில் அது சூட்டை வாங்கி ஒளியாக்கியது, இங்கே நீலத்தை வாங்கி மஞ்சளாக்குகிறது. பெட்ரோமாக்ஸின் வெண்மைக்கும் இன்றைய நம் கூடத்து விளக்கின் வெண்மைக்கும் காரணமான பொருள் ஒன்றே என்பதை முதலில் உணர்ந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

நீல எல்.இ.டி. கண்டுபிடிப்புக்காக நாகமுராவுக்குக் கம்பெனி தந்த வெகுமதி இருபதாயிரம் யென். அமெரிக்காவில் குடியேறிய பின் அவர் வழக்குத் தொடுத்ததும், டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2004இல் இரண்டாயிரம் கோடி யென் தரும்படி தீர்ப்பளித்ததும், மேல்முறையீட்டில் 2005இல் சுமார் எண்பத்துநான்கு கோடி யென்னுக்கு இருதரப்பும் சமாதானமானதும் ஜப்பானியத் தொழிலுலகை உலுக்கிய சம்பவங்கள். 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. லோசெவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, ஹொலோன்யாக்குக்கும் இல்லை.

இந்தியாவில் இவ்விளக்கு ஏழையின் வீட்டை எட்டியது 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தினால். அரசாங்கம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததில், 2014இல் ஏறத்தாழ 310 ரூபாயாயிருந்த பல்பின் கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பின்வந்த ஆண்டுகளில் முப்பத்தாறு கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகமாயின. அறுபது வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இது எட்டு ஒன்பது வாட்டில் தருகிறது. அந்திவேளையில் அரிக்கேன் விளக்கின் சிம்னியைக் கழற்றி, சாம்பலும் பழந்துணியும் கொண்டு கரியைத் துடைத்து, திரியை நறுக்கி ஏற்றிய கைகளுக்கு இதன் அருமை தெரியும். அந்தப் புகையருகே குனிந்து படித்த பிள்ளைகளின் கண்களுக்கும் தெரியும்.

அணைந்துபோன எல்.இ.டி. பல்பு ஒன்றின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், அலுமினியத் தட்டொன்றில் மஞ்சள் பூசிய சிறு சதுரங்கள் வட்டமாகப் பதிந்திருக்கும். அவற்றுள் ஏதாவதொன்றின் நடுவில் கடுகளவு கரும்புள்ளி தெரியும். சதுரங்கள் யாவும் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று கெட்டால் அனைத்தும் அணைகின்றன. மற்றவை நல்ல நிலையிலேயே இருக்கும். ஒரு லட்சம் மணி நேரம்வரை உழைக்க வல்ல ஒளிமூலத்தை மலிவான மின்சுற்றோடும் குறைவான வெப்பப்போக்கியோடும் இணைத்து இரண்டே ஆண்டுகளில் குப்பையில் எறியச் செய்வது, அதற்காக வாழ்நாளைச் செலவிட்டவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம். வீதியோரத்தில் அமர்ந்து கெட்ட சதுரத்தை மட்டும் பெயர்த்துச் சரிசெய்து தரும் ரிப்பேர்க் கடைக்காரர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அத்தொழில் நிலைத்திருக்க வேண்டும்.

வெளிச்சம் மலிவானதால் இரவுக்கு நேர்ந்த தீங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. கண்ணின் பின்திரையில், பார்ப்பதற்கன்றி உடலின் நாட்பொழுதை நிர்ணயிப்பதற்கென்றே அமைந்த உயிரணுக்கள் உண்டென்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது; அவை நீலத்திற்கே மிகுதியாக இசைகின்றன. சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் போய், நீலம் மிகுந்த வெள்ளை வீதிக்கு வந்தது அவற்றுக்குப் பகலென்ற மயக்கத்தைத் தருகிறது. சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள், நீரின் மினுக்கத்தை நாடிச் செல்லவேண்டியவை, கரையோர விளக்குகளை நோக்கி நகர்ந்து மடிவதைத் தடுக்கத் தொண்டர்கள் இரவெல்லாம் நடக்கிறார்கள். குறைந்த நீலமுள்ள பாஸ்பர்களும், கீழ்நோக்கி மட்டும் ஒளி வீசும் கூண்டுகளும் இப்போதே கிடைக்கின்றன. நகராட்சிகள் அவற்றைக் கேட்டு வாங்கவேண்டும்.

அகசாகி 2021இலும் ஹொலோன்யாக் 2022இலும் காலமாயினர். அமானோ நகோயாவில் அதே காலியம் நைட்ரைடைக் கொண்டு மின்சாரத்தைக் குறைந்த நஷ்டத்தில் மாற்றித் தரும் சாதனங்களை ஆராய்ந்து வருகிறார். அவ்வகைச் சாதனங்கள் கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறிய சார்ஜர்களில் ஏற்கெனவே வந்துவிட்டன. காலியத்தின் இடத்தில் அலுமினியத்தை மிகுதியாகச் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் பிறக்கும். குடிநீரிலுள்ள கிருமிகளை அது கொல்லும். அதை மலிவாகவும் பிரகாசமாகவும் செய்வதற்கான முயற்சிகள், முன்பு நீலத்துக்கு நடந்ததைப் போலவே, பல ஆராய்ச்சிச் சாலைகளில் நடந்துகொண்டிருக்கின்றன.